முழங்கால் தண்ணீரில் எடுத்த போட்டோ

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் வீட்டுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அதில் தப்பில்லை. மற்ற வீடுகளில் கறி எடுத்துக் குழம்பு வைத்து, சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே படுக்கிற நாளில், அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான் என்று ஐந்து பேர் இரண்டு பைக்குகளில் பாலாற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருப்போம். கூடவே ஒரு மண்வெட்டி, இரண்டு பிளாஸ்டிக் வாளி, புளிச்சோறு நிரம்பிய தூக்கு, சுருட்டிய பழைய பேனர் ஒன்று. மண்வெட்டியைப் பார்த்துவிட்டுப் பால்காரர், "இன்னாபா, பொதையல் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்பார். "ஆமாண்ணா, கெடச்சா பாதி உங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா வண்டியை உதைப்பார்.

நாங்கள் போனது மணலில் பொம்மை செய்ய. பொம்மை என்றால் கைக்குள் அடங்குவது இல்லை. ஆள் படுக்கிற நீளத்துக்கு முதலை செய்வோம். நாலு பேர் ஏறி உட்காரும்படி பஸ் செய்வோம். ஒரு முறை தும்பிக்கையைத் தூக்கிய யானை செய்து, தும்பிக்கை மட்டும் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்ததால், கடைசியில் அதைத் தூங்குகிற யானையாக மாற்றிவிட்டோம். முடிந்ததும் சித்தப்பாவின் போனில் போட்டோ எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவோம். தெரிந்தவர்கள் கட்டைவிரலை உயர்த்தி அனுப்புவார்கள். அதோடு வாரம் முடியும்.

அப்பா காஞ்சிபுரத்தில் ஒரு பேனர் கடையில் டிசைனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் படம் வைத்து எழுத்துப் போடுகிற வேலை. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் முகங்களைக் கத்தரித்துச் சூரியகாந்தித் தோட்டத்தின்மேல் ஒட்டுகிற மனிதருக்கு, ஏழாவது நாள் தன் கையால் எதையாவது செய்தாக வேண்டும். அம்மா வீட்டிலிருந்தபடி பட்டுப் புடவைகளுக்குக் குச்சு கட்டுபவர். வெட்டிப்போட்ட நூலையெல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, முதலைக்குப் புருவம், யானைக்கு நெற்றிப்பட்டம் என்று ஒட்டுவார். புருவம் உள்ள முதலையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உட்காரப் பேனரை விரிப்போம். கடையில் எழுத்துப் பிழையால் தள்ளுபடியான பேனர்கள் அவை. யாரோ ஒரு மாப்பிள்ளையின் முகத்தில் உட்கார்ந்துதான் நான் பல ஞாயிறுகள் சாப்பிட்டிருக்கிறேன்.

பாலாறு எங்களுக்கு ஆறாகத் தோன்றியதே இல்லை. அது ஒரு பெரிய மைதானம். பள்ளிக்கூடத்தில் ஆறு வரையச் சொன்னபோது நான் அதற்கு மஞ்சள் அடித்தேன். டீச்சர் நீலம் அடிக்கச் சொன்னார். எனக்கு அது பொய்யாகப் பட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டுவோம். ஊற்று கசியும். வாளியில் மொண்டு மணலை நனைத்துக்கொள்வோம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த ஆற்றுத் தண்ணீர். ஆறு பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள், ஆனால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. எதில் கற்றுக்கொள்வது? கோயில் குளங்களுக்குக் கம்பிவேலி போட்டிருந்தார்கள்.

மணல் அள்ளிப்போன பள்ளங்கள் அங்கங்கே இருக்கும். ஆள் உயரப் பள்ளங்கள், சிலது இரண்டு ஆள் உயரம். எங்களுக்கு அவை சறுக்கி விளையாடும் இடம். சித்தப்பா பள்ளத்துக்குள் படுத்து ஒளிந்துகொள்வார். நான் தேடித் தேடி அழுகிற நிலைக்கு வந்ததும் பேய்க் கூச்சல் போட்டுக்கொண்டு எழுவார். எந்தப் பள்ளம் எங்கே என்று அப்பாவுக்கு அத்துப்படி. பனைமரத்தைத் தாண்டினால் ஒன்று, கோரைப்புதருக்குப் பின்னால் இரண்டு என்று எங்கள் தெருவில் இருக்கிற குழிகளைச் சொல்வதுபோலச் சொல்வார்.

சித்தப்பா இறந்தது அந்த ஆற்றில்தான். அதைக் கடைசிவரை ஒளித்துவைத்துக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. போட்டோ எடுக்கும்போது, இன்னும் கொஞ்சம் பின்னால் போ என்று ஒருவர் சொல்ல, அவர் போனார். அப்படிச் சொன்னது அப்பா என்றுதான் எங்கள் உறவு முழுக்க இன்றுவரை சொல்கிறது. சொன்னது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தப்பா ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே போகிற கம்பெனி பஸ்ஸில்தான் சித்தியைப் பார்த்தார். அவள் பிள்ளையார்பாளையத்துப் பெண். வீட்டில் நாலு தறி, வீட்டுக்குள் பேச்சு தெலுங்கு. எங்கள் தாத்தா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் தெருவுக்கும் அவள் தெருவுக்கும் ஒன்றரைக் கிலோமீட்டர்தான் இருக்கும். ஜாதிக் கணக்கில் அது எத்தனையோ கிலோமீட்டர். ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்த கல்யாணத்துக்கு அப்பாதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அவள் வீட்டில் அன்றோடு தலைமுழுகிவிட்டார்கள். அவளுக்கு அம்மா வீடும் மாமியார் வீடும் எங்கள் இரண்டு அறை வாடகை வீடுதான். அப்பாவைப் 'பாவா' என்று கூப்பிடுவாள். அவர்கள் பேச்சில் கணவரின் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எனக்கு அது பாவம் என்பதுபோலக் கேட்டுச் சிரிப்பு வரும். மணல் வேலையில் அவளுக்கு அவ்வளவு ஈடுபாடில்லை. ஆனால் முதலைக்குச் செதில் போடச் சொன்னால், தறி வேலை பார்த்த கை, ஒரு செதில்கூட வரிசை தப்பாது.

அந்த வருடம் மழை விடவே இல்லை. ஐந்து ஞாயிறு நாங்கள் வீட்டிலேயே கிடந்தோம். அப்பா ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார். ஆறாவது வாரம் பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று செய்தி வந்தது. ஊரே பார்க்கப் போனது. பாலத்தின்மேல் வண்டிகள் நின்றன. கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டார்கள். பஜ்ஜிக் கடைகூட வந்துவிட்டது. எனக்கு நம்பவே முடியவில்லை. யாரோ எங்கள் மைதானத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டதுபோல இருந்தது. டீச்சர் சொன்ன நீலமும் இல்லை, செம்மண் கலந்த டீ நிறம்.

தண்ணீர் வந்தால் பொம்மை எப்படிச் செய்வது? அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. கப்பல் செய்யலாம் என்றார். பேனருக்குச் சட்டம் அடிக்கிற ரீப்பர் கட்டைகளைக் கொண்டுவந்து, மூன்று நாள் வீட்டுக்குள் தட்டிக்கொண்டிருந்தார். நாலடி நீளக் கப்பல். வெளிப்புறம் முழுக்கப் பேனர் துணியை இழுத்து ஒட்டினார். ஒரு பக்கம் பார்த்தால் மணப்பெண்ணின் பாதி முகம், இன்னொரு பக்கம் "வருகை தரும் அனைவரையும்" என்ற எழுத்து. அம்மா ஒரு கொடிக்கம்பம் நட்டு, அதில் அரக்கும் பச்சையுமாகப் பட்டு நூல் குச்சுகளைக் கட்டினார். சித்தப்பா அதைத் தலையில் தூக்கிவைத்துத் தெருவில் நடந்து காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக எங்கள் வீடு இருந்ததில்லை. இனி இருக்கவும் போவதில்லை.

திருமுக்கூடல் பக்கம் போகிற வழியில் எங்கள் வழக்கமான இடத்துக்குத்தான் போனோம். பாலத்தின் அருகே போலீஸ்காரர்கள் கயிறு கட்டி ஆட்களை நிறுத்திவைத்திருந்தார்கள். எங்கள் இடத்தில் கயிறும் இல்லை, கூட்டமும் இல்லை. ஐந்து நாள் ஓடிய வெள்ளம் அப்போது வடிந்து, ஓரத்தில் முழங்கால் அளவுக்குத்தான் நின்றது. இரண்டு மூன்று சிறுவர்கள் அதில் நின்று துண்டால் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவும் சித்தியும் மேலே மேட்டில் பேனரை விரித்துச் சாப்பாட்டைப் பிரித்தார்கள். சித்திக்குத் தண்ணீர் என்றால் பயம். இறங்கமாட்டேன் என்றுவிட்டாள்.

"வோணாங்க, கரையில வெச்சே படம் எடுத்துக்கினு வந்துடுங்க" என்று அம்மா மேலிருந்து கத்தினார்.

"அட, முழங்கால்கூட இல்ல. பள்ளமெல்லாம் பனைமரத்துக்கு அந்தாண்டதான் இருக்குது. இது நம்ம இடம்மா" என்றார் அப்பா.

இது நம்ம இடம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமை எனக்கு நினைவிருக்கிறது. பனைமரம் அங்கேயே இருந்தது. கோரைப்புதர் அங்கேயே இருந்தது. நாங்கள் வராமல் விட்ட ஐந்து வாரத்தில், தண்ணீர் வருவதற்கு முன்னால், லாரிகள் மட்டும் வந்து போயிருந்தன. அது எங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

கப்பல் மிதந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்தாலும் மிதந்தது. சித்தப்பா அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மீன் பிடித்த சிறுவர்களிடம், "டேய், சிங்கப்பூர் வரீங்களாடா? டிக்கெட் இல்ல" என்றார். அப்பா அவருக்குப் பக்கத்தில் போய் நின்று தோளில் கையைப் போட்டுக்கொண்டார். சித்தப்பாவின் போனை என்னிடம் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் பல முறை நான் எடுத்திருக்கிறேன். என் கைக்கு நடுக்கம் கிடையாது என்று சித்தப்பா எல்லோரிடமும் சொல்வார்.

"பாப்பா, கப்பல் முழுசா வரணும்" என்றார் அப்பா.

முதலில் எடுத்ததில் கொடி வெட்டுப்பட்டுவிட்டது. நான் பின்னால் போகலாம் என்றால் முதுகுக்குப் பின்னால், மேட்டிலிருந்து எங்களை மறைத்துக்கொண்டு, ஒரு முள்மரம். அதனால் அவர்களைப் போகச் சொன்னேன். கயிறு சித்தப்பா கையில் இருந்தது, அவர் போனால்தான் கப்பல் போகும்.

"சித்தப்பா, கொஞ்சம் பின்னாடி போ."

போனார். இன்னொன்று எடுத்தேன். இன்னும் கொடியின் நுனி வரவில்லை.

"இன்னும்."

"போதுமாடி பெரிய மனுசி?"

"ஒரே ஒரு ஸ்டெப்பு."

சிரித்துக்கொண்டே பின்னால் கால் வைத்தார். அடுத்து திரையில் அவர் இல்லை. அப்பா இருந்தார், கப்பல் இருந்தது. கத்தல் இல்லை, கை உயரவில்லை, பெரிதாகத் தண்ணீர்கூடத் தெறிக்கவில்லை. கொடி இப்போது முழுசாக வந்திருந்தது. நான் அதைத்தான் கவனித்தேன், பட்டனை அமுக்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அப்பா முதலில் சிரித்தார். பள்ளத்தில் ஒளிந்து விளையாடுகிறவர்தானே. "டேய், போதும், எந்திரிடா. கொழந்த பயப்புடுது" என்றார். மேலிருந்து சித்தியும் சிரிப்பது கேட்டது. அதற்குள் கொஞ்ச நேரம் போய்விட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அப்பா ஒருநாளும் தன்னை மன்னித்ததில்லை. பிறகு ஓடினார். இரண்டாவது எட்டிலேயே அவரும் கழுத்துவரை போனார். மீன் பிடித்த சிறுவர்களின் கூச்சலில் பக்கத்து வயலிலிருந்து ஆட்கள் வந்து, வேட்டியை அவிழ்த்து முடிச்சுப்போட்டு வீசி அப்பாவை இழுத்தார்கள். அப்பா வேட்டியை விட்டுவிட்டு மறுபடியும் பள்ளத்துக்குள் போகப் பார்த்தார். இரண்டு பேர் அவர்மேல் உட்கார்ந்து பிடிக்க வேண்டியிருந்தது.

"போன மாசம்தான் இங்க மணல் அள்ளுனாங்க. ஊருக்கே தெரியுமேபா. நீங்க எந்த ஊரு?" என்று அந்த ஆட்களில் ஒருவர் கேட்டார்.

சித்தி மேட்டிலிருந்து விழுந்து புரண்டு இறங்கி வந்தாள். முட்டியெல்லாம் ரத்தம். அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தாள்.

"யாரு? யாரு அவரை அங்க போகச் சொன்னது?"

போன் என் கையில் இருந்தது. அதை இன்னும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேனா, இறக்கிவிட்டேனா என்று தெரியவில்லை. அப்பா மணலில் தவழ்ந்து வந்து அதை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"நான்தாம்மா. நான்தான் போட்டோ எடுத்தேன். பின்னாடி போடான்னு நான்தான் சொன்னேன்."

கழுத்துவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்த ஆளின் கையில் போன் மட்டும் காய்ந்திருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் யார் கவனிப்பார்கள்? சித்தி அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "பாவா, பாவா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று அது சிரிப்பாக இல்லை.

பிற்பகல் மூன்று மணிவாக்கில் தீயணைப்புக்காரர்கள் சித்தப்பாவை எடுத்தார்கள். கப்பலின் கயிறு அவர் மணிக்கட்டில் சுற்றியிருந்தது. அறுந்த கயிற்றோடு கப்பல் எங்கேயோ போய்விட்டிருந்தது. போலீஸ்காரர் வந்து, விபத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். யார் போட்டோ எடுத்தது என்று அவர் கேட்கவே இல்லை. அதைக் கேட்டது எங்கள் சொந்தக்காரர்கள்தான். வந்தவர் எல்லோரும் கேட்டார்கள், அப்பா எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னார். அப்பாவின் அத்தை அவரைக் கன்னத்தில் அறைந்தார். ஊரிலிருந்து வந்த தாத்தா, பாடைக்குத் தோள் கொடுக்க வந்த அப்பாவை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

"நீ தொடாத. அனுப்பி வெச்சது போதும்."

அப்பா ஒதுங்கி, செருப்பில்லாமல், கூட்டத்துக்குக் கடைசியில் நடந்து போனார். தன் தம்பியை அவர் தொடவே இல்லை.

கண்ணீர் அஞ்சலி பேனரை மட்டும் அவர்தான் செய்தார். வேறு பையனை வைத்துச் செய்யச் சொல்கிறேன் என்று கடைக்காரர் சொல்லியும் அப்பா கேட்கவில்லை. அவருக்கு ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. சித்தப்பாவின் போனை அப்பா ஆற்றங்கரையிலேயே சித்தியிடம் கொடுத்துவிட்டிருந்தார். கம்பெனியிலிருந்து ஷிஃப்ட் விஷயமாக அது அடித்துக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"அவன் போன்ல நல்ல படமா இருக்கும், குடும்மா. பாத்து எடுத்துக்கினு தரேன்" என்று கேட்டார்.

"நானே அனுப்பறேன் பாவா" என்றாள் சித்தி. போனைக் கொடுக்கவில்லை. கல்யாணத்தன்று எடுத்த படத்தை அனுப்பினாள். பேனரில் சித்தப்பா மாலையோடு சிரித்தார்.

மறுநாள் காலை அம்மா எனக்குத் தலை வாரும்போது சொன்னார். கண்ணாடியில் என்னைப் பார்க்காமல், பின்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரு கேட்டாலும் அப்பாதான் போட்டோ எடுத்தாருன்னு சொல்லு. சித்தி கேட்டாலும் அதான். புரியுதா? மாத்திச் சொன்னன்னா அப்பா செத்துடுவாரு."

புரிகிறது என்றேன். எனக்கு என்ன புரிந்தது என்று இப்போது யோசித்தால், ஒன்றுமே இல்லை. பள்ளிக்கூடத்தில் நான் உடைத்த ஜன்னல் கண்ணாடிக்கு இன்னொருத்தி அடி வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. கொஞ்சம் பயம், அதற்கு மேலே பெரிய நிம்மதி. அப்பா பெரியவர், அவரால் தாங்க முடியும், அவரை யார் என்ன செய்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அறைந்தார்கள், தள்ளினார்கள், அதையெல்லாம் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிட்டேன். யார் கேட்டாலும் தடுமாறாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அது உண்மைபோலவே ஆகிவிட்டது. சில சமயம் அப்பாமேல் கோபம்கூட வந்தது, ஏன் அவரைப் பின்னால் போகச் சொன்னார் என்று. சத்தியமாக வந்தது.

கருமாதி முடிகிறவரை சித்தி எங்களோடுதான் இருந்தாள். உள் அறையில், சுவரில் சாய்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சார்ஜ் தீர்ந்தால் ஒயரை நீட்டிச் செருகிக்கொண்டு அங்கேயே இருப்பாள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பாள். கல்யாணப் போட்டோ பார்க்கிறாள் என்று நினைத்தேன். அப்பா அந்த அறைக்குள் நுழையவே மாட்டார். அவளுக்குப் பிடித்த வாழைக்காய் பஜ்ஜி வாங்கிவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். சித்தி அதைத் தொடமாட்டாள். "எப்புடிப்பா தொடுவா, புருசனக் கொன்னவன் வாங்கியாந்தத" என்று பக்கத்து வீட்டில் பேசியது என் காதிலேயே விழுந்தது.

கருமாதிக்கு மறுநாள் அவளுடைய அண்ணன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருமுனையில் பைக்கை நிறுத்தி, இறங்காமல், எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடமாக அவள் செத்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், இப்போது திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள் என்று அம்மா சொன்னார். பிள்ளையார்பாளையத்தில் வைத்துக்கொள்ளமாட்டார்களாம், பெங்களூரில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கியே இருந்துடு. உனக்கு இன்னா கொறைச்சல் வெச்சோம்?" என்று அழுதார். சித்தி, "ஒண்ணும் இல்லக்கா" என்றாள். அழவில்லை. அம்மா முகம் கழுவப் பின்பக்கம் போனார்.

சித்தி பையின் ஜிப்பை மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். தன் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தேன். என் பின்னல் அவிழ்ந்திருந்தது, அதை மெதுவாகப் பின்னிவிட ஆரம்பித்தாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உன்னத் திட்டவும் மாட்டேன்."

"ம்."

"அன்னிக்கு போட்டோ எடுத்தது யாரு?"

நான் தயாராகத்தான் இருந்தேன். "அப்பா."

"அப்பாவா?"

"ஆமா சித்தி. அப்பாதான் எடுத்தாரு. அப்பாதான் பின்னாடி போகச் சொன்னாரு."

பின்னிக்கொண்டிருந்த கை கொஞ்சம் நின்றது. பிறகு பின்னி முடித்து, நுனியில் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள். மடியில் இருந்த போனை எடுத்துப் பார்த்தாள். முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தாள். பட்டனை அழுத்தி அணைத்துப் பைக்குள் வைத்தாள்.

"சரிம்மா. யாரு கேட்டாலும் இதையே சொல்லு. பெரியவளானாலும் இதையே சொல்லு. மாத்திச் சொல்லாத."

தலையை ஆட்டினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அவளை நான் பார்த்ததில்லை. அப்பாமேல் இருந்த வெறுப்பில்தான் போனாள் என்று எல்லோரும் சொன்னார்கள், அப்பாவும் அப்படித்தான் நம்புகிறார். வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தியது தன் பொய்தான் என்று அவருக்குத் தெரியும். அதைத் திருத்த வேண்டுமானால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. பாலாற்றுப் பக்கம் போவதையும் மணலைத் தொடுவதையும் விட்டுவிட்டார். கல்யாண வீட்டில் யாராவது போனை நீட்டி ஒரு போட்டோ எடுங்க என்றால், கை கழுவப் போகிறவர்போல எழுந்து போய்விடுவார்.

எனக்குச் சொந்தமாகப் போன் வாங்கிய பிறகு ஒருநாள், தோழிகளை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ மட்டும் எதுலயும் இல்லடி என்று ஒருத்தி சொன்னாள். எடுக்கிறவள் படத்தில் எப்படி இருப்பாள் என்று பதில் சொல்ல வாயெடுத்தேன். அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டேன். அப்பா அந்தப் போட்டோவில் இருக்கிறார். எடுத்த மூன்றிலும் இருக்கிறார். முதலில் தம்பி தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கடைசியில் தனியாக, முழங்கால் தண்ணீரில், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். சித்தி அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

அவள் என்னிடம் கேட்டது தெரிந்துகொள்வதற்காக இல்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்னைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாளா, அந்த வீட்டில் இருந்திருப்பாளா, எனக்குத் தெரியாது. சொல்லவில்லை என்றானதும், என்னைக் காப்பாற்ற அப்பா செய்ததையே அவளும் செய்துவிட்டுப் போனாள்.

அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. வாசல்படியில் நின்று, பைக் திரும்பி மறைகிறவரை டாட்டா காட்டினேன். அம்மா பின்பக்கமிருந்து ஈர முகத்தோடு வந்தார். சித்தி கேட்டாள், நான் மாற்றிச் சொல்லவே இல்லை என்று அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். அம்மா என்னைப் பாராட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.